வெள்ளை சோல், வைப்பாற்று வெயில்

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் அக்கா வீடு. போன சித்திரையில் அங்கே போயிருந்தபோது, அக்கா மகன் கூடத்தில் இரண்டு ஜோடி ஷூக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தான். வேலை பெங்களூரில். அங்கே வாடகை அறையில் இடம் போதாது என்று, வாங்கிச் சேர்க்கும் ஸ்னீக்கர்களை ஊர் வீட்டில் வைத்திருக்கிறான். இரண்டும் ஒரே வகை, ஒரே வருஷம் வாங்கியவை. கண்ணாடி போலத் தெளிந்த சோல் கொண்டவை. ஒரு நாள்கூடக் காலில் ஏறாதவை. ஒரு ஜோடியை மேற்கு ஜன்னல் பக்கத்து ஷோகேஸில் வைத்திருந்தான். மற்றதைப் பெட்டியோடு பரணில் ஏற்றியிருந்தான்.

“ரெண்டுமே போச்சு மாமா” என்றான்.

ஷோகேஸில் இருந்ததைக் கையில் வாங்கினேன். சோலின் அடியில் சைஸ் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அதை மெல்ல உரித்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு விரல் அகலக் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் பழைய தந்தத்தின் நிறம். பல வருஷம் காலண்டர் தொங்கிய சுவரில், அதைக் கழற்றியதும் தெரியுமே ஒரு சதுரம், அதே மாதிரி. பிறகு பரண் ஜோடியின் ஸ்டிக்கரையும் உரித்தேன். அங்கே கட்டம் இல்லை. அடியிலும் சுற்றிலும் ஒரே மஞ்சள். சுற்றியிருந்த மெல்லிய தாளில், சோல் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடு இழுத்திருந்தது.

ஒரே பொருளுக்கு இரண்டு விதமான மஞ்சள். முதலாவது வெளிச்சம் கொண்டுவந்தது. இரண்டாவது இருட்டிலேயே, பெட்டிக்குள்ளேயே விளைந்தது. வெள்ளை சோல்களைக் காப்பது பற்றிச் சொல்லப்படுகிற யோசனைகளில் பாதி முதல் வகைக்கு மட்டும் பொருந்தும். இரண்டாவதைக் கூட்டிவிடும் யோசனைகளும் உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் “வெயில் படாமல் பெட்டியில் வை” என்று சொல்லிவிட்டுப் போவதால்தான், பத்திரமாக வைத்த பொருளே கெட்டுப்போகிறது.

முதலில் அது அழுக்கா, மஞ்சளா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் குளியல் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, பழைய பனியன் துணியை நனைத்து, ஓரத்தில் ஒரு இடத்தை மட்டும் துடையுங்கள். துணியில் கறை ஏறினால் அது அழுக்கு. துணி சுத்தமாக இருந்து சோல் மஞ்சளாகவே நின்றால், நிறம் மேலே படிந்தது அல்ல, பொருளுக்குள் மாறியது. அதைத் தேய்த்து எடுக்க முடியாது. பற்பசை, பேக்கிங் சோடா, எலுமிச்சை என்று சொல்லப்படும் எல்லாமே அழுக்கை எடுப்பவை, அல்லது மேல்தோலைச் சுரண்டுபவை. சுரண்டிய இடத்தில் பளபளப்பு போய், அழுக்கு இன்னும் நன்றாக ஏறும்.

வெள்ளை ஷூவைக் காக்கும் கவலை நமக்குப் புதிதல்ல. பாட்டா நிறுவனம் 1930களில் இந்தியாவில் கொண்டுவந்த வெள்ளை டென்னிஸ் ஷூ, பின்னால் பள்ளிக்கூடங்களின் பி.டி. ஷூவாக ஊர் ஊராகப் போனது. எங்கள் காலத்தில் அதைத் துவைத்து, வெள்ளைப் பாலிஷ் பூசி, பாலிஷ் தீர்ந்தால் சாக்பீஸ் தேய்த்துக் காயவைப்போம். வெயிலில் காய வைத்தால் தையல் ஓரத்தில் மஞ்சள் வளையம் விழும். நிழலில் காய வைத்தால் விழாது, விழுந்தாலும் கொஞ்சமாக விழும். அலசிப் போகாத சோப்பும் துணிக்கு அடியில் இருக்கும் பசையும் ஈரத்தோடு மேலேறி, காயும் ஓரத்தில் தங்குவதால் வரும் கோடு அது. காரணம் தெரியாமலே அம்மாக்கள் “நிழல்ல போடு” என்று சொன்னது சரியான வைத்தியம்.

இன்றைய சேகரிப்பு வேறு மாதிரி. நைக்கி நிறுவனத்தின் ஏர் ஜோர்டன் வரிசை கடைக்கு வந்தது 1985இல். ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து எங்கள் விருதுநகர் மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அந்த வரிசையில் 1990இல் வந்த ஐந்தாவது மாடலிலும் 1995இல் வந்த பதினொன்றாவது மாடலிலும் தெளிந்த சோல் வந்தது. பனிக்கட்டி போல இருப்பதால் அதை ‘ஐசி சோல்’ என்கிறார்கள். எல்லாரும் ஆசைப்பட்டதும் அதற்குத்தான், முதலில் மஞ்சளானதும் அதுதான். 2019இல் நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில், 1972ஆம் ஆண்டைச் சேர்ந்த, போடப்படாத ஒரு ஜோடி நைக்கி ‘மூன் ஷூ’ 4,37,500 டாலருக்குப் போனது. அப்படி ஒரு விலை நம்மில் யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய பொருள் மூன்றே வருஷத்தில் பழுத்துப்போனால் வருகிற வருத்தம் உண்மையானது. அதை வீண் ஆசை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. தபால்தலை சேர்த்தவர்களையும், சிவகாசித் தீப்பெட்டி லேபிள் சேர்த்தவர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

தவிர, இந்தப் பொருள் நமக்கு அந்நியமும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்காக ஷூ செய்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் தோல் ஷூவுக்குப் பேர்போனது. சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டு அரசு 2022இல் காலணித் தொழிலுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. இவ்வளவு ஷூ செய்கிற மாநிலத்தில், வாங்கிய ஷூவை நம் வெக்கையில் எப்படி வைப்பது என்று தமிழில் ஒரு பக்கத் துண்டுத்தாள்கூட என் கண்ணில் பட்டதில்லை.

சோல் என்பது ஒரே பொருள் அல்ல. தரையில் படுவது பெரும்பாலும் ரப்பர். அதற்கு மேலே மெத்தென்று இருக்கும் நடு அடுக்கு ஈ.வி.ஏ. நுரையாக இருக்கும், அல்லது பி.யூ. என்று சுருக்கமாகச் சொல்லும் பாலியூரிதேனாக இருக்கும். இவற்றை ஒட்டப் பசை. வெள்ளை நிறம் வருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தூளால். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கிறார்களே இல்மனைட், அந்தத் தாதுவிலிருந்து செய்வது அது. இந்தத் தூள் நிறம் மட்டும் கொடுப்பதில்லை; புற ஊதாக் கதிரைத் தானே வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் ரப்பருக்குக் குடையாகவும் நிற்கிறது. தெளிந்த சோலில் இந்தக் குடை கிடையாது. வெளிச்சம் ஊடுருவிப் போகிறது. அதனால்தான் பால்வெள்ளை சோல் தாக்குப்பிடிக்கும் இடத்தில் ஐசி சோல் பழுத்துவிடுகிறது.

வெளிச்சம் என்ன செய்கிறது? புற ஊதாக் கதிர் பட்டதும் பாலிமரின் நீண்ட சங்கிலிகள் ஆங்காங்கே அறுகின்றன. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்கிறது. அப்படிப் பிறக்கும் புதிய மூலக்கூறுகளில் சில நீல ஒளியை விழுங்குகின்றன. நீலம் குறைந்த வெள்ளை நம் கண்ணுக்கு மஞ்சள். பி.யூ.வில் வழக்கமாகச் சேரும் ஒரு வகை ஐசோசயனேட்டுக்கு இந்தக் குணம் இயல்பிலேயே அதிகம். மஞ்சளாகாத மாற்று உண்டு, விலை கூடுதல். ஜன்னல் கண்ணாடி போதாதா என்று கேட்பார்கள். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை மட்டும் தடுக்கும். மிச்சம் உள்ளே வந்துவிடும். ஷோகேஸ் கண்ணாடிக்கும் அதே கதைதான்.

சிவகாசிக்காரர்களுக்கு வெளிச்சத்தின் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் வெயில்பட ஒட்டிய போஸ்டரை ஆறு மாதம் கழித்துப் பாருங்கள், நீலமாக நிற்கும். மஞ்சள் மையும் மெஜந்தா மையும் முதலில் வெளுத்துப்போகும். நீலம் கடைசி வரை நிற்கும். அதே வெயில், மையிலிருந்து மஞ்சளை எடுத்துவிட்டு, அச்சடித்த நியூஸ்பிரிண்ட் தாளுக்குள் மஞ்சளை ஏற்றுகிறது. நியூஸ்பிரிண்ட் சீக்கிரம் பழுக்கும், மேப்லித்தோ தாங்கும் என்று இங்கே பைண்டிங் வேலை பார்க்கிற பையனுக்கும் தெரியும். காகிதத்தில் தெரிந்த இந்தப் பாடத்தை ஷூவுக்கு நாம் இன்னும் நீட்டவில்லை.

இருட்டில் விளையும் மஞ்சளுக்கு வருவோம். இதில் முதல் குற்றவாளி வெப்பம். வேதிவினைகளுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 30 டிகிரியில் இரண்டு வருஷத்தில் நடப்பது 40 டிகிரியில் ஒரே வருஷத்தில் நடந்துவிடும். வெளிச்சம் இல்லாவிட்டாலும் ஆக்சிஜன் இருக்கிறது, சூடு இருக்கிறது, அது போதும். இரண்டாவது குற்றவாளி பசை. ஓரங்களில் கோடாகத் தெரியும் மஞ்சள் பெரும்பாலும் பழுத்த பசைதான். மூன்றாவதை நம்பவே கஷ்டமாக இருக்கும். பிளாஸ்டிக் உறையும் நுரையும் கெடாமல் இருக்க ஆலையில் சில தடுப்பான்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒரு வகை, பியூட்டைலேற்றிய ஹைட்ராக்சி டொலுவீன் என்பது, உறையிலிருந்து மெல்லக் கசிந்து பக்கத்திலிருக்கும் பொருளில் படியும். வண்டிப் புகையிலும் ஜெனரேட்டர் புகையிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு அதோடு சேர்ந்தால் மஞ்சள் நிறம் பிறக்கும். துணி ஆலைக்காரர்கள் இதைப் பல காலமாக அறிவார்கள். பெட்டிக்குள் மடித்த வெள்ளைச் சட்டை, மடிப்பில் மட்டும் மஞ்சளாவது இதனால்தான். இந்த வகை மஞ்சள் வெயிலில் வைத்தால் வெளுத்தும் போகும். “வெயிலில் வைத்தேன், வெள்ளையாகிவிட்டது” என்று சிலர் சத்தியம் செய்வதும், “வெயிலில் வைத்தேன், பாழாகிவிட்டது” என்று வேறு சிலர் அழுவதும் இரண்டுமே உண்மை என்பது இதனால் விளங்கும்.

மஞ்சளை விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பி.யூ. நுரை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளுக்குள் சங்கிலி அறுந்து, ஒரு நாள் பிஸ்கட் போல உதிரும். நீராற்பகுப்பு என்பார்கள். பாலியஸ்டர் வகை பி.யூ.வுக்கு இது அதிகம், பாலிஈதர் வகைக்குக் குறைவு. 1988, 1989ஆம் ஆண்டுகளில் வந்த ஏர் ஜோர்டன் மூன்றும் நான்கும் மூல ஜோடிகளாகக் கிடைத்தாலும் இன்று அவற்றைப் போட்டு நடக்க முடியாது. நடு அடுக்கு பொடிந்துவிடும். போடாமல் வைத்தால் கெடாது என்ற நம்பிக்கை பி.யூ. விஷயத்தில் பொய். அவ்வப்போது போட்டு நடந்தால் நுரைக்குள் தேங்கும் ஈரம் வெளியேறும் என்று சேகரிப்போர் சொல்கிறார்கள். குறைந்தபட்சம், விரிசல் விழுவதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்தின் தனிக்கணக்கு இங்கேதான் வருகிறது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அந்தத் தொழிலும் பின்னால் பட்டாசும் இந்த மண்ணில் வேர்விட ஒரு முக்கியக் காரணம், மழை குறைந்த காய்ந்த காற்று. தீக்குச்சி நமுக்காத ஊரில் பி.யூ.வும் சட்டென்று நீர்த்துப்போகாது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் வைப்பதைவிட இங்கே வைத்தால், சோல் உதிரும் அபாயம் குறைவு. ஆனால் அதே ஊரின் வெக்கை மஞ்சளை விரட்டிக்கொண்டு வருகிறது. கடற்கரைக்காரனுக்கு முதல் எதிரி ஈரம்; இருக்கன்குடிக்காரனுக்கு முதல் எதிரி சூடு. குளிர்தேசத்தில் எழுதிய யோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்குமே பொருந்தாது.

அந்தக் கண்ணோடு வழக்கமான யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிலிக்கா ஜெல். ஷூ பெட்டியில் வரும் சிறு பொட்டலம், கப்பலில் வரும் ஈரத்துக்காகப் போட்டது. நம் கைக்கு வரும்போது பெரும்பாலும் தன் கொள்ளளவைக் குடித்து முடித்திருக்கும். சிலர் பத்துப் பதினைந்து பொட்டலங்களை அடைத்து வைக்கிறார்கள். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் அது தேவையே இல்லை. அளவுக்கு மீறி உலர்ந்தால் தோல் வெடிக்கும், பசை மொரமொரப்பாகிப் பிரியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் ஜோடிக்கு ஒன்றிரண்டு வைத்தால் போதும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் நல்லது: ஆரஞ்சு மணி ஈரம் குடித்ததும் பச்சையாகும், நீல மணி இளஞ்சிவப்பாகும்.

பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி வைப்பது. காற்றும் ஈரமும் வராது என்பது வாதம். ஈரமான ஊரில் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் பசையின் ஆவியும், சுற்றும்போது மாட்டிய ஈரமும் வெளியே போக வழியில்லை. மலிவான பி.வி.சி. உறையாக இருந்தால் அதன் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் சோலில் ஏறிப் பிசுபிசுக்கும். இருக்கன்குடியில் இது வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

பாச்சா உருண்டை. பட்டுச்சேலை வைக்கிற பீரோவில் ஷூவையும் வைத்தால் இது தானாக வந்து சேரும். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ஷூ இருக்கும் தட்டில் அது கூடாது.

வெளுக்க வைக்கும் வழிகள். 2008 வாக்கில், பழைய கம்ப்யூட்டர்களின் மஞ்சளான உறைகளை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்த்து ஒரு முறை பரவியது. அதையே ஷூக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். முடிக்குச் சாயம் பூசும் கடைகளில் இருக்கும் 12 சதவீதப் பெராக்சைடு கிரீமை சோலில் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெயிலில் வைப்பது. ஷோகேஸ் ஜோடியை வைத்து என் மருமகனும் செய்து பார்த்தான். தட்டட்டியில் மதியம் வரை வைத்திருந்தான். கிரீம் காய்ந்த இடத்தில் திட்டு, காயாத இடத்தில் வெள்ளை என்று புலிவேஷம் போட்ட மாதிரி ஆனது. இரண்டாம் முறை சரிசெய்தான். ஆடிக் கடைசி வெள்ளிக்கு ஊருக்கு வந்தபோது மஞ்சள் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்தது.

காரணம் எளிது. பெராக்சைடு நிறம் தரும் மூலக்கூறை மட்டும் உடைக்கிறது. அறுந்த சங்கிலியை ஒட்டுவதில்லை. மாறாக, அது தானே ஆக்சிஜன் ஊட்டும் பொருள். சோலின் முதுமையை இன்னும் ஒரு படி தள்ளிவிடுகிறது. ஆக்சிஜன் ஊட்டும் பொருளும் உச்சிவெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வெடியுப்பும் குளோரேட்டும் கையாண்ட இந்த வட்டாரத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. 12 சதவீதம் தோலைச் சுடும். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் அதைவிட மோசம். அது ரப்பரைத் தின்று மேலும் மஞ்சளாக்கும்.

அப்படியானால் எங்கே வைப்பது? அருங்காட்சியகங்கள் குளிர்ந்த, இருண்ட, ஈரம் ஏறி இறங்காத அறைகளில் வைக்கின்றன. கனடாவின் டொராண்டோவிலுள்ள பாட்டா ஷூ அருங்காட்சியகம் 2013இல் ஸ்னீக்கர் வரலாற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அப்படிப்பட்ட அறை வசதி நம்மிடம் இல்லை. ஆனால் கரிசல் வீட்டுக்காரர்கள் விதைத் தானியத்தை எங்கே வைத்தார்கள் என்று யோசித்தால் பதில் கிடைக்கிறது. உள்வீட்டில், வெயில் அடிக்காத சுவரோரம், தரையில் நிற்கும் மண் குலுக்கையில். வீட்டிலேயே வெப்பம் குறைந்த இடம் கீழ்ப்பகுதி. வெப்பம் மிகுந்த இடம் தட்டட்டிக் காங்க்ரீட்டுக்கு ஒரு முழம் கீழே இருக்கும் பரண். சாயங்காலம் ஆறு மணிக்கும் அந்தக் காங்க்ரீட்டில் கை வைக்க முடியாது. இடம் காலியாக இருக்கிறது என்பதற்காக நாம் அருமைப் பொருளை எல்லாம் அங்கேதான் ஏற்றுகிறோம்.

அக்கா வீட்டில் இப்போது ஏற்பாடு இப்படி. வடக்கு அறையில், உள்சுவரோரம், கட்டிலுக்குக் கீழே ஒரு தாழ்ந்த இரும்பு ஸ்டாண்ட். தரையில் நேராக வைக்காததற்குக் காரணம் கறையான். கரிசல் மண் வீட்டில் அட்டைப் பெட்டி தரையைத் தொட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. பெட்டியின் இரண்டு பக்கமும் விரல் அளவு ஓட்டை. ஒரு ஷூ மற்றதைத் தொடாமல் நடுவே அச்சடிக்காத வெள்ளைத் தாள்; கறுப்புத் தோலின் சாயம் வெள்ளை சோலில் ஏறினால் அதுவும் போகாது. பழைய செய்தித்தாள் அறவே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை தாளை மாற்றி, நிழலில் அரை நாள் காற்றாட வைக்கிறான். அறையில் டியூப்லைட்டை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டிருக்கிறான். ஷோகேஸில் ஆசைக்கு ஒரே ஒரு ஜோடி. அதையும் மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறான். மஞ்சளான இரண்டில் பரண் ஜோடியைப் போட்டுக்கொண்டுதான் பெங்களூருக்குப் பஸ் ஏறினான். நன்றாகத்தான் இருந்தது.

இதனால் மஞ்சள் வராமலே போய்விடாது. மூன்று வருஷத்தில் வருவது ஏழு எட்டு வருஷத்துக்குத் தள்ளிப்போனால் அதுவே வெற்றி என்பேன். வாங்கும்போதே பொருளைப் பார்த்து வாங்குவதும் உதவும். நீண்ட நாள் வைக்க நினைப்பவர்கள் தெளிந்த சோலுக்குப் பதில் பால்வெள்ளையோ, இயற்கைப் பழுப்பு ரப்பரோ எடுக்கலாம். நடு அடுக்கு பி.யூ.வா, ஈ.வி.ஏ.வா என்று கடையில் கேளுங்கள். தெரியாது என்றால், ஈ.வி.ஏ. என்று தெரிந்ததை எடுங்கள். உதிரும் வேலை அதற்கு இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். தள்ளுபடியில் வரும் பழைய இருப்பு, உங்கள் கைக்கு வருமுன்பே நாலைந்து கோடையைக் கிடங்கில் கழித்திருக்கும்.

சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் ஷூ பெட்டி இருந்தால் இந்த வருஷம் பங்குனி பிறக்கும் முன்பே கீழே இறக்கிவிடுங்கள்.